கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது: பூஞ்சையா, பூட்ஸா?

பொடிநடை · ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். படம் போட்டால் சாப்பிடுகிற நேரத்தில் யாராவது திட்டுவீர்கள். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வலது கால் கட்டைவிரல் நகம். அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம், நடுவில் கறுப்பு, நுனியில் மஞ்சள் கலந்த வெள்ளை. வலி இப்போது இல்லை. அழுத்திப் பார்த்தால் நுனிப்பக்கம் கீழே காலியாக இருப்பது போல் லேசாக ஆடுகிறது. பக்கத்து விரலும் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

ஆகஸ்டில் அலுவலக நண்பர்கள் ஆறு பேர் மலேசியாவின் கினபாலு மலை ஏறப் போகிறோம். மூன்று மாதமாகப் பயிற்சி. சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கச் சுற்று, 11 கிலோமீட்டர். ஞாயிறு புக்கிட் தீமா குன்று. வார நாளில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் 25 மாடி, நான்கு தடவை. போன மாதம் ஜோகூரில் குனோங் லேடாங் மலைக்குப் போய் வந்தோம். அதற்கு அப்புறம்தான் இந்தக் கோலம்.

வீட்டில் பார்த்துவிட்டு, "இது நகச்சொத்தை, ஒட்டிக்கும், என் செருப்பப் போடாதீங்க" என்று தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. மருந்துக்கடையில் நகத்தில் பூசுகிற சின்னப் பாட்டில் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா, இல்லை மாத்திரைதான் கேட்குமா? மலைக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.

யீஷூன் அத்தை · ஞாயிறு, இரவு 10.05

தம்பி, நல்ல எலுமிச்சம்பழமாகப் பார்த்து நுனியில் ஓட்டை போட்டு, உள்ளே கொஞ்சம் மஞ்சள் வைத்து, விரலைச் செருகிக்கொண்டு படுங்கள். எங்கள் அம்மா நகச்சுற்றுக்கு அதைத்தான் செய்வார்கள். கால் கட்டைவிரலுக்குச் சின்னப் பழம் போதாது, தேக்கா சந்தையில் பெரிதாகப் பொறுக்கி வாங்குங்கள். மருதாணி அரைத்து வைத்தாலும் நல்லது.

சாயங்கால ஓட்டம் · ஞாயிறு, இரவு 10.31

அத்தை, நகச்சுற்று வேறு, இது வேறு. நகச்சுற்று என்றால் நகத்தைச் சுற்றியுள்ள சதை சிவந்து வீங்கி, சீழ் வைத்து, போர்வை பட்டாலே உயிர் போகும். இவர் வலியே இல்லை என்கிறார்.

பொடிநடை அண்ணே, ஒரே ஒரு கேள்வி. லேடாங்கில் இறங்கும்போது விரல் பூட்ஸ் முனையில் இடித்ததா?

பொடிநடை · ஞாயிறு, இரவு 10.44

இடித்ததாவது! கடைசி ஒரு மணி நேரம் நேராக இறங்க முடியாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். கூட வந்தவர்கள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சாயங்கால ஓட்டம் · ஞாயிறு, இரவு 11.20

அப்படியென்றால் மாத்திரைப் பேச்சை இன்றைக்கு எடுக்காதீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் முழு மாரத்தானுக்காக ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கட்டைவிரலை விட இரண்டாவது விரல் நீளம். அந்த நகம் கறுத்து, தடித்து, மாட்டுக் கொம்பு மாதிரி ஆகிவிட்டது. நானாகவே "பூஞ்சை" என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரம் மதுரைக்குப் போயிருந்தபோது டெர்பினாஃபைன் என்கிற பூஞ்சை மாத்திரை வாங்கி வந்து, தினம் ஒன்று, மூன்று மாதம் விழுங்கினேன். டாக்டர் சீட்டு இல்லை, இரத்தச் சோதனை இல்லை.

ஆறாவது வாரம் நாக்கு செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மீன் தலைக்கறி, வாயில் வைத்தால் வெந்நீர். மனைவி உப்புப் போட மறந்துவிட்டாள் என்று சண்டை போட்டேன். அது அந்த மாத்திரையின் பக்கவிளைவு என்று பிறகுதான் தெரிந்தது. ருசி முழுதாகத் திரும்ப இரண்டு மாதம் ஆனது.

நகம்? அப்படியே இருந்தது. கடைசியில் டாக்டரிடம் காட்டினால், "மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், இனி சோதித்துப் பூஞ்சை இல்லை என்று வந்தாலும் முன்பு இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது" என்றார். ஷூவை அரை அளவு பெரிதாக மாற்றினேன். ஒரு வருடத்தில் நகம் தானாக நேரானது. எனக்கு அப்போதும் பூஞ்சை இருந்திருக்காது என்றுதான் இன்று வரை நினைக்கிறேன், ஆனால் நிரூபிக்க முடியாமல் கெடுத்துக்கொண்டது நானேதான்.

வார்டு 7 · திங்கள், காலை 7.15

இரவு வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செவிலியர், டாக்டர் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பார்க்க அசிங்கமாக இருக்கும் கால் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சை. மீதியில் அடிபட்டது, சொரியாசிஸ் என்கிற தோல்நோய், வயதால் தடித்தது என்று பலதும் உண்டு. கண்ணால் பார்த்தே "பூஞ்சை" என்று சொல்வது டாக்டர்களுக்கே கஷ்டம். அதனால்தான் நகத்தை வெட்டி, அடியில் இருக்கும் தூளைச் சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடியும். வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் கடை மருந்து பூசியிருந்தால் முடிவு தப்பாக வரலாம். எனவே அந்தப் பாட்டிலை இப்போது வாங்க வேண்டாம். அரசு பாலிகிளினிக்கில் காட்டுங்கள், தேவைப்பட்டால் மண்டலே ரோடு தேசியத் தோல் நிலையத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள். கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம்.

நீங்கள் சொல்வது நகத்துக்கடியில் இரத்தம் கட்டியது போலத்தான் இருக்கிறது. நுனியில் வெள்ளையாகத் தெரிவது, நகம் சதையை விட்டுக் கிளம்பி உள்ளே காற்று புகுந்ததால். குச்சியை விட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று நோண்டாதீர்கள், இன்னும் கிளம்பும். ஆடுகிற பகுதியைக் குட்டையாக வெட்டி வைத்தால் போதும். பிடுங்கவே வேண்டாம், கீழிருந்து புது நகம் தள்ளிக்கொண்டு வரும்போது அதுவாக விழும்.

ஆனால் ஒன்று. இரத்தக்கட்டு என்றால் கறுப்பு நகத்தோடு சேர்ந்து நுனி நோக்கி நகர வேண்டும். கால் நகம் மாதத்துக்கு 1.5 மில்லிமீட்டர் போல வளரும். பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்து, ஒரே வெளிச்சத்தில், மாதம் ஒரு படம் எடுங்கள். அடியில் தெளிவான நகம் பிறை போல முளைத்துக் கறுப்பை முன்னால் தள்ளினால் நிம்மதி. நகராமல் அதே இடத்தில் நின்றாலோ, கோடாக அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினாலோ உடனே காட்ட வேண்டும். நம் நிறத்துக்காரர்கள் பலருக்கு நகத்தில் பழுப்புக் கோடு இருப்பது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிதாக ஒரே விரலில் வருவதைத்தான் சொல்கிறேன். பாடகர் பாப் மார்லி கதை தெரியும்தானே? 1977-இல் பந்து விளையாடியதில் பட்ட அடி என்று நினைத்தது நகத்துக்கடிப் புற்றுநோயாக இருந்தது. 1981-இல் 36 வயதில் போய்விட்டார். இது அபூர்வம். ஆனாலும் மாதம் ஒரு படம் எடுப்பதில் என்ன செலவு?

பழைய சிப்பாய் · திங்கள், பகல் 12.50

இரத்தம் கட்டியதற்கு இவ்வளவு பேச்சா? நாங்கள் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது 24 கிலோமீட்டர் நடை முடிந்த இரவு, பேப்பர் கிளிப்பை லைட்டரில் சிவக்கக் காய்ச்சி நகத்தில் ஒரு புள்ளி. புஸ்ஸென்று இரத்தம் வரும், அடுத்த நொடி வலி போய்விடும். நானே நாலு பேருக்குப் போட்டிருக்கிறேன்.

வார்டு 7 · திங்கள், பிற்பகல் 3.30

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நகத்தில் துளை போடுவது டாக்டர்களும் செய்கிற வைத்தியம்தான். ஆனால் அது அடிபட்ட ஒன்றிரண்டு நாளுக்குள், உள்ளே இரத்தம் திரவமாக இருந்து விண்விண் என்று தெறிக்கும்போது. இவருக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது, வலியும் இல்லை. உறைந்த இரத்தத்துக்குத் துளை போட்டால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்தது போல ஆகும். இன்னொன்று, கனமான பொருள் விழுந்து நகம் கறுத்தால் அடியில் எலும்பு விரிசல் இருக்கலாம். அங்கே கிளிப் வேலை கூடவே கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பழைய சிப்பாய் · திங்கள், மாலை 6.10

சரிங்க சிஸ்டர், கிளிப்பை உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். என் மகன் தேசிய சேவைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. பூட்ஸ் இறுக்கம். போதாததற்கு நகத்தின் இரண்டு ஓரத்தையும் வளைத்து ஆழமாக வெட்டியிருக்கிறான். நகக்கண் சதைக்குள் குத்தி வளர்ந்து, சீழ். முகாம் டாக்டர் "எக்ஸ்கியூஸ் பூட்ஸ்", அதாவது பூட்ஸ் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பயல் சந்தோஷமாகச் செருப்போடு திரிந்தான். அது மூன்றாவது தடவையும் வந்ததும், நகத்தின் ஓரத்தை மட்டும் ஒரு கீற்று எடுத்து, அந்த இடத்து வேரில் ஃபீனால் தடவிவிட்டார்கள். விரலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி. அரை மணி நேர வேலை. அந்த ஓரம் இனி முளைக்காதாம், நகம் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும், அவ்வளவுதான். நேராக வெட்டு, குளித்த பிறகு வெட்டு என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டால்தானே.

ஏழரை ஷூ · திங்கள், இரவு 8.20

காலணி விற்கிற இடத்தில் ஒன்பது வருடம் நின்றவன் என்ற முறையில் நான் சொல்லலாமா?

பொடிநடை, நீங்கள் 25 மாடி ஏறுகிறீர்கள், நல்லது. இறங்குவது எப்படி? லிஃப்டில்தானே?

பொடிநடை · திங்கள், இரவு 8.32

ஆமாம். முட்டிக்கு நல்லதில்லை என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஏழரை ஷூ · திங்கள், இரவு 9.15

சிங்கப்பூரில் எல்லாரும் அப்படித்தான். ஏறிப் பழகுகிறோம், இறங்கிப் பழகுவதில்லை. புக்கிட் தீமா மொத்தமே 163 மீட்டர். கினபாலுவில் இரண்டாம் நாள் விடியலில் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டு, அன்றைக்கே மலையேற்றம் தொடங்குகிற, 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலுக்கு வந்தாக வேண்டும். 8.7 கிலோமீட்டர். பதின்மூன்று புக்கிட் தீமாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த இறக்கத்துக்கு எட்டாது. ஏறும்போது கால் பின்பக்கம் உட்காரும், எந்த ஷூவும் வசதியாகத்தான் இருக்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கால் முன்னால் வழுக்கி நகம் முனையில் முட்டும். ஆயிரம் தடவை முட்டினால் எந்த நகம் தாங்கும்?

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். பூட்ஸின் உள் அட்டையை உருவித் தரையில் போட்டு, வழக்கமான காலுறையோடு அதன்மேல் நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கை கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நீளமான விரல் என்றேன், கட்டைவிரல் என்று சொல்லவில்லை. அதை மாலையில் பாருங்கள், நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும். காலையில் பத்து மணிக்கு வந்து ஷூ வாங்கிப் போனவர்கள்தான் எங்கள் கடையில் அதிகம் திரும்பி வருவார்கள்.

அப்புறம் கயிறு. கணுக்கால் பக்கத்தில் கடைசியாக ஓர் ஓட்டை சும்மா இருக்கும், யாரும் அதில் கோர்ப்பதில்லை. கயிற்றைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் உள்நோக்கிச் செருகுங்கள். சின்னக் காது மாதிரி ஒரு வளையம் நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்துவிட்டு, வலது கயிற்றை இடது காதுக்குள்ளும் இடது கயிற்றை வலது காதுக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது. குதிகால் அசையவில்லை என்றால் விரலும் முன்னால் போகாது. ஏறும்போது தளர்வாகவும், இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து இறுக்கமாகவும் கட்டுங்கள். மலையுச்சியில் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், கயிறு கட்ட யாருக்கும் நேரமில்லை!

துவாஸ் இரவு ஷிப்ட் · செவ்வாய், அதிகாலை 4.10

எல்லாரும் பூட்ஸ் மேலேயே பழி போடுகிறீர்கள். எனக்கு உண்மையிலேயே பூஞ்சைதான். அதையும் சொல்ல ஆள் வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் கப்பல் பட்டறை வேலை. பாதுகாப்பு பூட்ஸ் 12 மணி நேரம். மழைக்காலத்தில் காலையில் போட்டதும் ஈரம், கழற்றும்போதும் ஈரம். முதலில் சுண்டுவிரல் இடுக்கில் சேற்றுப்புண், வெள்ளையாக ஊறி நமைச்சல். கவனிக்கவில்லை. அது அப்படியே நகத்துக்கு ஏறியது. ஓரத்தில் மஞ்சள், பிறகு தடிப்பு, அப்புறம் நகத்துக்கடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிரும். அண்ணன் சொன்ன கத்தரிக்காய் நிறம் எனக்கு வரவே இல்லை. இடித்த ஞாபகமும் இல்லை. இரண்டு வருடத்தில் ஐந்து நகம்.

அறை நண்பர் ஊரிலிருந்து வந்த ஒரு களிம்பு கொடுத்தார். இரண்டு நாளில் நமைச்சல் போனது, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று இங்கே டாக்டர் அட்டையைப் பார்த்துச் சொன்னார். சோதனை எடுத்து, பூஞ்சை உறுதியாகி, ஈரலுக்கு இரத்தம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை. 250 மில்லிகிராம், 12 வாரம். மாத்திரை முடிந்த அன்று நகம் அதே அசிங்கம். ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "கெட்ட நகம் நல்லதாகாது, நல்ல நகம் வளர்ந்து அதை வெளியே தள்ளணும், ஒரு வருஷம் ஆகும்" என்றார். பதினான்கு மாதம் ஆனது.

இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ், ஒன்று விட்டு ஒரு நாள். கழற்றியதும் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறேன். குளியலறைக்குத் தனிச் செருப்பு, தனி நகவெட்டி. விடுமுறை ஞாயிறுகளில் பழைய ரயில் பாதையில் கிராஞ்சிப் பக்கமிருந்து நடப்பேன். 24 கிலோமீட்டரும் ஒரே மூச்சில் இன்னும் முடியவில்லை.

பொடிநடை · செவ்வாய், காலை 8.05

தம்பி, இந்தத் தூள் விஷயம்தான் உதவியது. எனக்குத் தூள் எதுவும் இல்லை. நன்றி. ரயில் பாதைக்கு ஒரு ஞாயிறு நானும் வருகிறேன்.

ஈரக்காலுறை · செவ்வாய், காலை 10.40

இடையில் என் கேள்வி. பூலாவ் உபின் தீவில் மழையில் நாள் முழுக்க நனைந்த ஷூவோடு சுற்றினேன். இரண்டு வாரம் கழித்து, ஏற்கெனவே கிளம்பியிருந்த நகத்தின் ஒரு பக்கம் பச்சை. மிளகாய்ப் பச்சை! இதுவும் பூஞ்சையா?

வார்டு 7 · செவ்வாய், இரவு 9.00

பச்சை என்றால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா. கிளம்பிய நகத்துக்கடியில் ஈரம் தங்கினால் வரும். பூஞ்சை மருந்துக்கு அது அசையாது. கிளம்பிய பகுதியை வெட்டி, காய்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊற வைத்துத் துடைக்கச் சொல்வார்கள். வலி, வீக்கம் இருந்தால் டாக்டர்.

அத்தைக்கும் ஒரு வார்த்தை. போன தடவை வேறொரு இழையில் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எலுமிச்சம்பழம், சுடுதண்ணீர், பிளேடு எதுவும் உங்கள் காலில் வேண்டாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. பாலிகிளினிக்கில் வருடத்துக்கு ஒரு தடவை பாதம் பரிசோதிக்கிறார்கள், போனீர்களா?

யீஷூன் அத்தை · செவ்வாய், இரவு 9.45

போன வருடம் விட்டுப்போச்சு அம்மா. தைப்பூசத்துக்கு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் பால்குடம் எடுத்தேன், கால் நன்றாகத்தான் இருந்தது. சரி, வெள்ளிக்கிழமை போகிறேன்.

வார்டு 7 · செவ்வாய், இரவு 9.50

வெறுங்காலிலா?! அத்தை, வெள்ளி வரை வேண்டாம். நாளைக்கே போங்கள்.

பொடிநடை · ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 5.30

இழையை மேலே இழுக்கிறேன். நேற்று முடிவு வந்தது. பூஞ்சை இல்லை, இரண்டு சோதனையிலும். டாக்டர் படங்களையும் பார்த்தார். அடியில் அரிசி அகலத்துக்குத் தெளிவான நகம் வந்திருக்கிறது, கறுப்பு அத்தனை தூரம் முன்னால் போயிருக்கிறது. பக்கத்து விரல் நகம் போன வாரம் காலுறையோடு கழன்று வந்துவிட்டது. வலி துளியும் இல்லை, ஆனால் காலுறைக்குள் கை விட்டு அதை எடுத்த அந்த நொடி இருக்கிறதே, சொல்லி முடியாது. கீழே இளஞ்சிவப்பாகக் குழந்தை நகம் ஒன்று, வரிவரியாக. கொஞ்சம் வாஸ்லைன் தடவி, ஒட்டுத்துணி சுற்றி நடக்கிறேன். முழு நகமாக ஒரு வருடத்துக்கு மேலாகும் என்றார். கினபாலுவுக்கு அரை நகத்தோடுதான் போகப் போகிறேன்.

உள் அட்டையில் நின்று பார்த்தேன். என் விரலுக்கு முன்னால் இடமே இல்லை, விரல் அட்டையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. இத்தனை நாள் இதில்தான் நடந்தேனா! புது பூட்ஸ் ஒன்றரை அளவு பெரிது. இப்போது 25 மாடி ஏறி, பத்து மாடி படியில் இறங்கிவிட்டு மீதிக்குத்தான் லிஃப்ட்.

வீட்டில் ஆய்வுக்கூடத் தாளைக் காட்டினேன். "சரி, இருந்தாலும் என் செருப்பப் போடாதீங்க" என்றாள்.

ஈரக்காலுறை · சனி, மாலை 6.02

வாழ்த்துகள் அண்ணே. பழைய பூட்ஸ் என்ன அளவு? விற்கிறீர்களா? எனக்கு 7 வேண்டும்.

பொடிநடை · சனி, மாலை 6.15

ஏழரை. உட்லண்ட்ஸ் எம்ஆர்டிக்கு வந்தால் சும்மாவே தருகிறேன். மாலையில் வாருங்கள், உள் அட்டையில் நின்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.